அந்தப் பையன் வீட்டுக்கு யார் போவது?

எங்கள் கத்தோலிக்கப் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கோவில் பெயரிலும் சபை பெயரிலும் வாட்ஸ்அப் குழு நடத்துகிற அனைவருக்கும் எழுதிக்கொள்வது.

தோத்திரம்.

முப்பத்தொரு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு எடுத்தது அதைவிடக் கூடுதல் காலம். உங்களில் பாதிப் பேருக்குப் புதுநன்மைக்கு முன்னால் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இந்த மடல் ஒரு பதினேழு வயதுப் பையனைப் பற்றியது. அவன் பெயரையும் தெருவையும் விட்டுவிட்டேன். பங்கின் பெயரும் வேண்டாம். அவன் அம்மாவிடம் போய், எழுதலாமா என்று கேட்டு, எழுதியதைப் படித்துக்காட்டி, அவர் வேண்டாம் என்று சொன்ன இரண்டு இடங்களை அடித்த பிறகே இதை வெளியே விடுகிறேன். அந்த வீட்டாரைக் கேட்காமல் அந்த வீட்டைப் பற்றிப் பேசியது போதும்.

நடந்தது பலருக்குத் தெரியும். ஆனால் முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் நாள் என்பதால், அவர் சிலை இருக்கிற சின்னக் கோவிலான கெபியில் காலையிலிருந்தே கூட்டம். நம் பக்கத்தில் செவ்வாய் என்றால் கிறிஸ்தவர்கள் மட்டும் வருவதில்லை. பெரிய வீட்டு ஆச்சிமார் வருவார்கள், கடைவீதிக்காரர்கள் வருவார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லோர் மெழுகுவத்தியும் ஒரே இரும்புத் தட்டில்தான் உருகி ஓடும். சாயங்காலத்துக்குள் மெழுகு விரற்கடை உயரத்துக்கு உறைந்துவிடும். அன்று, கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை திண்டுக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். வளாகத்தில் நின்ற இந்தப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த மெழுகைச் சுரண்டிவிட்டுப் போ" என்று சொல்லி ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். அவன் சுரண்டினான். முடித்ததும் கத்தியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். மெழுகுத் தட்டுக்குப் பக்கத்தில்தான் உண்டியல் இருக்கிறது.

கேமராவில் பதிவானது பத்தொன்பது விநாடி. சத்தம் கிடையாது. குனிந்த முதுகு, அசைகிற முழங்கை, எதையோ பைக்குள் போடுகிற கை. இரவு ஒன்பதே முக்காலுக்கு அந்தத் துண்டை, "நம் ஆலயத்திலேயே கைவைக்கிறார்கள், பெற்றோர் கவனிக்கவும்" என்ற வரியோடு, அறுநூறு பேர் இருக்கிற பங்குக் குழுவில் ஒருவர் போட்டார். சிறிது நேரத்தில் ஒருவர் பையனின் பெயரை எழுதினார். இன்னொருவர் தகப்பனாரின் பெயரையும் வேலையையும் எழுதினார். மூன்றாமவர், "இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு உரிமை கிடையாது. பத்து மணிக்கு நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். முதுகைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்தது. எட்டு வயதில் என் வகுப்பின் முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கிய பிள்ளை. "இவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை" என்று நான்கு சொல் எழுதியிருந்தால் போதும். எழுதத் தொடங்கி அழித்தேன். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், காலையில் பங்குச் சாமியாரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலைக்குள் அது கடல் தாண்டிவிட்டது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் முதன்முதலாக நம் நாட்டில்தான் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி கைப்பேசி வழியாகப் பரவி, நாட்டின் பல பகுதிகளில் வழிப்போக்கர்களை அடித்துக் கொன்ற ஆண்டு அது. அந்த மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வத்தைக் கும்பிடப் புறப்பட்டு வந்த ஒரு மூதாட்டி அப்படித்தான் இறந்தார். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்மேல் சந்தேகம் எழக் காரணம். அதன் பிறகு வந்ததுதான் இந்த ஐந்து என்ற கணக்கு. ஆனால் நம் வீடுகளில் ஐந்து என்பது என்ன? ஒன்று சொந்தக்காரர் குழு, ஒன்று பள்ளிக் குழு, ஒன்று பக்கத்துப் பங்கு, ஒன்று மகளிர் சங்கம், ஒன்று வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள். அங்கிருந்து இன்னும் ஐந்து.

புதன்கிழமை மதியம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அவன் தாய்மாமன் தன் அக்காவைக் கூப்பிட்டு, "என்னக்கா, பையன் கோவில் உண்டியலில் கைவைத்தானாமே" என்று கேட்டார். அந்த வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது அப்படித்தான். நம் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு, சிங்கப்பூர் வழியாக. அதுவரை நம் அறுநூறு பேரில் ஒருவரும் அந்த வாசற்படி ஏறவில்லை.

வியாழக்கிழமை கோவில்பிள்ளை ஊர் திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு, "அந்தக் கத்தியைக் கொடுத்தவனே நான்தானே" என்றார். அன்று இரவு குழுவில் ஒரு வரி வந்தது: "தவறான புரிதல், வருந்துகிறோம்." கீழே இரண்டு கும்பிடும் கைகள். அன்று சாமியாருக்குப் பிறந்தநாள். பூங்கொத்துப் படங்களும் வாழ்த்துகளும் வந்து விழ, கால்மணி நேரத்தில் அந்த வரி மேலே போய் மறைந்துவிட்டது. படத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர்களில் ஒருவரும் அந்த வரியை அனுப்பவில்லை.

சனிக்கிழமை நான் போனேன். நான்கு நாள் கழித்து. முதலில் தகப்பனார் வேலைசெய்கிற ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு. நம் வீட்டுத் தரையில் தினமும் மிதிக்கிறோம், எப்படிச் செய்கிறார்கள் என்று அருகில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. சதுரக் கண்ணாடியின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது கை ஆடக்கூடாது. ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்ததைத் தூவி அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு, காய்ந்ததும் கண்ணாடியிலிருந்து பெயர்த்தால் பூ பளபளவென்று இருக்கும். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு வேலையை நிறுத்தாமல் பேசினார். மழை, சிமெண்ட் விலை, என் முழங்கால் வலி, எல்லாம் விசாரித்தார். நான் மகனைப் பற்றிக் கேட்டபோது அவர் கையில் அச்சு பாதி உயர்ந்திருந்தது. சிவப்பு மஞ்சளுக்குள் போயிற்று. அந்தக் கல்லை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, "கோவிலுக்கு வரமாட்டேன் என்கிறான் டீச்சர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா காப்பி கொடுத்தார். பிறகு மாடத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். அந்தக் கத்தி. விரல் நீளம்தான் இருக்கும். அலகில் மெழுகு வெள்ளையும் சிவப்புமாக இன்னும் ஒட்டியிருந்தது. "இதைக் கழுவக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது டீச்சர், இதுதானே எங்களுக்குச் சாட்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களும் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள் அல்லவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கதவு சாத்தியிருந்த உள்ளறையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பையன் வெளியே வரவில்லை.

பேரவையில் இருக்கிற பெரியவர்களே, யார் படத்தைப் போட்டார் என்று கண்டுபிடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. போட்டவர் கெட்டவரும் இல்லை. கோவில் பணம் களவு போகிறதே என்ற பதற்றத்தில் செய்தார். என் வருத்தம் வேறு. இப்படி ஒரு சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் படிப்படியாகச் சொல்கிறார்: முதலில் அவனிடம் போ, நீயும் அவனும் தனியாக இருக்கும்போது பேசு. கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்கவில்லை என்றால்தான் சபைக்குச் சொல். நாம் கடைசிப் படியில் தொடங்கினோம், அதுவும் சபைக்கு வெளியே இருக்கிற ஆயிரம் பேரையும் சேர்த்துக்கொண்டு. முதல் படியை ஏறியிருந்தால் அந்தப் பையன் பைக்குள் கைவிட்டுக் கத்தியைக் காட்டியிருப்பான். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இதே வாசகம் வந்த ஞாயிறன்றுதான், 2020 செப்டம்பர் 6ஆம் தேதி, திருத்தந்தை பிரான்சிஸ் மூவேளை செப உரையில், புறணி பேசுவது கோவிட்டைவிட மோசமான கொள்ளைநோய் என்றார். உலகமே முகக்கவசத்துக்குள் இருந்த நேரத்தில் அப்படி ஒப்பிட்டுச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2477ஆம் பத்தியை எடுத்துப் பாருங்கள். போதிய ஆதாரமில்லாமல் ஒருவரிடம் குற்றம் இருப்பதாக மனத்துக்குள் எண்ணிக்கொள்வதையே அது பாவம் என்கிறது. உண்மையான குறையைக்கூடத் தக்க காரணமில்லாமல் தெரியாதவர்களிடம் போய்ச் சொல்வதும் பாவம் என்கிறது. வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த பத்தி இது.

நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவன் உண்மையிலேயே குற்றம் செய்து விசாரணையில் இருந்தாலும், அவன் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக்கூடாது. களவு செய்த பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்கிற மறைவை, மெழுகு சுரண்டிய பிள்ளைக்குக் கோவில் கொடுக்கவில்லை.

என் அப்பத்தா ஆண்டாவூரணிப் பக்கம். பிரான்சிலிருந்து வந்த லெவே சாமியார் அங்கே பங்குப் பணி செய்த காலத்தில் இளம்பெண். 1973இல் சருகணியில் அவர் இறந்தபோது நான் சிறுமி. இன்றும் நாம் எல்லோரும் அந்தக் கல்லறைக்குப் போய் முழந்தாளிட்டு வீட்டுக் கவலைகளைச் சொல்லிவிட்டு வருகிறோம். அப்பத்தா சொல்வார்: "சாமியார் காதில் போட்டது கிணற்றில் போட்ட கல்." ஒரு மனிதரிடம் போய்த் துக்கத்தைச் சொன்னால் அது அங்கேயே தங்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த வறண்ட சீமையில் நம் கோவில்கள் எழுந்தன. கஞ்சி கிடைத்தது, பள்ளிக்கூடம் கிடைத்தது, உண்மைதான். அதற்கு முன்னால் இந்த நம்பிக்கை கிடைத்தது.

நம் பங்கிலும் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. வின்சென்ட் தே பால் சபையை 1833இல் பாரிஸ் நகரத்தில் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களில் ஒருவரான ஓசானாமுக்கு அப்போது இருபது வயது. அவர்கள் செய்த முதல் வேலை ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போனது. மரியாயின் சேனை என்ற பக்த சபையினர் இருவர் இருவராகத்தான் வீடு சந்திக்கப் போக வேண்டும், அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது. அன்பியம் என்பதே பத்து இருபது குடும்பங்கள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒருவர் உட்காருவதற்காக வந்தது. இப்போது என்ன நடக்கிறது? அன்பியக் கூட்டம் என்று எட்டு பேர் வருகிறோம். மீதிப் பேர் குழுவில் "ஆமென்" போடுகிறார்கள்.

உதவி கொடுப்பதும் மாறிவிட்டது. கொரோனா காலத்தில் நாம் அரிசிப் பை கொடுத்தோம். நல்ல காரியம். ஆனால் பதினொரு விதவைகளை வரிசையாக நிறுத்தி, பையை மார்போடு பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்துக் குழுவில் போட்டோம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு விபூதிப் புதனும் வாசகம் கேட்கிற நாம்தான் போட்டோம். அந்த வரிசையில் மூன்றாவதாக நின்றவர் என்னோடு படித்தவர். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் எந்த உதவியும் வாங்குவதில்லை. கிறிஸ்துமஸ் பை கொடுக்கப் போனால், தனக்கு ஒரு குறையும் இல்லை என்று கதவோரத்தில் நின்றே அனுப்பிவிடுகிறார். நான் இரவில் பின்வாசல் வழியாக ஒரு தூக்கில் குழம்பு கொண்டுபோனால் மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

குழுக்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் காரைக்குடியில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி போட்டோம். முக்கால் மணி நேரத்தில் மூன்று பையன்கள் மோட்டார் சைக்கிளில் போய் நின்றார்கள். ஒருவன் இந்து, அவன் நண்பன் குழுவிலிருந்து கேள்விப்பட்டு வந்தவன். அந்தப் பெண்ணும் குழந்தையும் இன்று நலம். அதே கருவிதான். அன்று அது நம்மை ஒரு கட்டிலுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தியது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் முகப்புப் படமாக கார்லோ அகுதிசை வைத்திருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்டவர். 2006இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது பதினைந்துதான். கணினி தெரிந்த புனிதர் என்று கொண்டாடுகிறோம். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர் என்பதும் சரி. ஆனால் விளையாட்டுக் கருவிக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொண்டவரும் அவர்தான். கைச்செலவுக் காசைச் சேர்த்து, தெருவில் படுத்துறங்குகிறவர்களுக்குப் போர்வைப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். படத்தை வைப்பதோடு இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மதத்தாரைப் பற்றி நம் குழுக்களில் சுற்றுகிற செய்திகளைப் பற்றியும் எழுத வேண்டும், மனம் பொறுக்கவில்லை. அவர்கள் கோவிலைக் கேலி செய்வது ஒன்று வருகிறது. அவர்கள் நம்மை அழிக்கப் போகிறார்கள் என்று ஒன்று வருகிறது. சருகணித் தேர்த் திருவிழாவுக்கு மானியம் விட்டவர்கள் மருது சகோதரர்கள் என்பதை மறந்துவிட்டா இதை அனுப்புகிறீர்கள்? செவ்வாய்க்கிழமை வருகிற ஆச்சி, தன் மெழுகுவத்தியை எரிகிற நம் மெழுகுவத்தியிலிருந்துதான் பற்றவைக்கிறார். அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இரவில் எதற்காக அனுப்ப வேண்டும்?

நான் கேட்பது கொஞ்சம்தான். அந்தக் குடும்பம் சம்மதித்தால், அடுத்த ஞாயிறு இரண்டு பூசையிலும் அறிவிப்பு நேரத்தில் பேரவைச் செயலாளர் எழுந்து, அந்தப் பிள்ளை குற்றமற்றவன், குற்றம் நம்முடையது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படம் எத்தனை குழுவுக்குப் போனதோ அத்தனைக்கும் அதே வரியை அனுப்பியவர்களே அனுப்ப வேண்டும், சிங்கப்பூர் உட்பட. கோவில் கேமராவைப் பலர் தங்கள் கைப்பேசியில் திறந்து பார்க்கிற வசதி இன்றே நிற்க வேண்டும். யார்மேலாவது குற்றம் சொல்லிப் பெயரோ படமோ வந்தால் அட்மின் உடனே நீக்கிவிட்டு, போட்டவரையும் அழைத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட வீட்டுக்குப் போகட்டும். உதவி வாங்குகிறவர்களின் முகத்தைப் படம் எடுப்பது அடியோடு வேண்டாம். கணக்கு காட்ட வேண்டுமானால் மூட்டைகளைப் படம் எடுங்கள், ரசீதைப் போடுங்கள். சாவுச் செய்தி வந்தால் "ஆழ்ந்த இரங்கல்" என்று முப்பது பேர் எழுதுவதற்கு முன்னால், அந்த அன்பியத்திலிருந்து இரண்டு பேர் அங்கே போய் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்களாக இருக்கட்டும்.

நான் குழுவில் எழுதாமல் விட்ட நான்கு சொல்லை அந்தப் பையனிடமே சொல்ல வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் மறுபடி போகிறேன். கோவில்பிள்ளை என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் அன்றைக்கு வர வேண்டாம், கூட்டமாகப் போனால் அவர்கள் மிரண்டுவிடுவார்கள். வேறு வேறு நாளில் இருவர் இருவராகப் போகலாம். அம்மாவிடம் கேட்டு எந்த நாள் தோது என்று நான் சொல்கிறேன். தகப்பனார் ஏழு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார். அந்தக் கத்தி இன்னும் அவர்கள் வீட்டு மாடத்தில்தான் இருக்கிறது. கோவில் பொருள், யாராவது போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மறைக்கல்வி டீச்சர்